வலப்பக்கம் மலை

செங்கோட்டையில் காலை ரயிலை விட்டு இறங்கி, பார்சல் பெட்டியிலிருந்து சைக்கிளை இறக்கி, கழற்றி வைத்திருந்த பெடல்களை மாட்டிக்கொண்டு கிளம்பினால், தென்காசி வரையில்தான் வழி பார்க்க வேண்டும். அங்கே தெற்கே திரும்பிய பிறகு யாரையும் கேட்க வேண்டியதில்லை. மலை வலப்பக்கம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும். கடையம், ஆழ்வார்குறிச்சி, அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி, களக்காடு, திருக்குறுங்குடி என்று ஏறத்தாழ 100 கிலோமீட்டர். மேற்குத் தொடர்ச்சி மலையின் காலடியை ஒட்டியே இந்தப் பாதை போகிறது.

சைக்கிளும் மலையும் என்றாலே பலருக்கு ஏற்றம்தான் நினைவுக்கு வருகிறது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகள், வால்பாறையின் 40 வளைவுகள் என்று எண்ணிச் சொல்கிறார்கள். அது ஒரு வகை. ஆனால் மலையைப் பார்ப்பதற்கு மலைமேல் ஏறுவதைவிட அடிவாரத்தில் போவதே மேல் என்பது என் தீர்மானமான எண்ணம். மேலே ஏறிவிட்டால் காலடியில் இருக்கும் வளைவு மட்டும்தான் தெரியும். கீழே போகிறவருக்கு முழு மலையும் நாளெல்லாம் கூடவே வரும். கியர் இல்லாத சாதாரண சைக்கிளே இதற்குப் போதும். அம்பை என்று சொல்லும் அம்பாசமுத்திரத்தில் ஓர் இரவு தங்கி இரண்டு நாளாகப் பிரித்துக்கொண்டால் அவசரமே இல்லை.

இந்தச் சாலையின் செல்வம் தண்ணீர். சிற்றாறு, ஜம்புநதி, ராமநதி, கடனாநதி, தாமிரபரணி, மணிமுத்தாறு, பச்சையாறு, நம்பியாறு என்று ஒவ்வொரு மடிப்பிலிருந்தும் ஓர் ஆறு இறங்கி வருகிறது. போதாததற்கு அணைக்கட்டுகளிலிருந்து பிரியும் கால்வாய்கள். கல்லிடைக்குறிச்சிப் பக்கம் கன்னடியன் கால்வாயின் கரை மரங்களைப் பார்த்தாலே வெயில் பாதி குறைந்துவிடும். காரில் போகிறவருக்கு இவையெல்லாம் பாலங்கள், பெயர்ப் பலகைகள். சைக்கிளில் அப்படியில்லை. ஆறு நெருங்க நெருங்கச் சாலை மெல்லத் தாழும், பெடல் லேசாகும், காற்றில் ஈர மண் வாசனை வரும். பாலம் வரப்போகிறதென்பதைக் கண்ணுக்கு முன்னால் கால் சொல்லிவிடும். பாலம் தாண்டியதும் அதே அளவு ஏற்றம். அவ்வளவுதான் இந்தப் பாதையின் மேடு பள்ளம்.

எப்போது போவது என்பதில்தான் கவனம் வேண்டும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குற்றாலச் சாரல் காலம். செங்கோட்டைக் கணவாய் வழியாக மேல்காற்று வேகமாக நுழையும். செங்கோட்டையிலிருந்து தென்காசிக்குப் போகிறவரை அந்தக் காற்றே முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு போகும். எதிர்த்திசையில் வருகிறவர் பாடு திண்டாட்டம். பயணத்தை வடக்கிலிருந்து தொடங்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் தெற்கே திரும்பியதும் அதே காற்று வலப்பக்கமிருந்து வீசும். மலை மறைக்கும் இடத்தில் ஒன்றும் தெரியாது. மலை விலகும் இடத்தில் சட்டென்று வந்து வண்டியைச் சாய்க்கும். பழக்கமில்லாதவர்களுக்கு ஆபத்து. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஓடைகள் தரைப்பாலங்களுக்கு மேல் ஓடும். 2023 டிசம்பரில் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்கள் வெள்ளத்தில் பட்ட பாட்டை இப்பகுதி மக்கள் மறக்கவில்லை. ஆகவே ஜனவரியும் பிப்ரவரியும்தான் சரியான மாதங்கள். அணைகளில் தண்ணீர் இருக்கும், கால்வாய் ஓடும், பிசான நெல் வயலில் நிற்கும், காலையில் பனி இருக்கும்.

காலையில் கிழக்கு வெயில் நேராக மலைமுகத்தில் விழும். பாறையின் ஒவ்வொரு பிளவும், வெள்ளிக்கம்பி மாதிரி இறங்கும் ஓடையும் தெளிவாகத் தெரிவது பத்து மணி வரையில்தான். அதற்கப்புறம் மலை வெறும் நீலப் புகையாகிவிடும். மாலையில் இன்னொன்று நடக்கும். பஞ்சாங்கப்படி சூரியன் மறைய ஆறேகால் ஆகும் என்றாலும், இங்கே ஐந்தரைக்கே மலைக்குப் பின்னால் போய்விடும். நிழல் முதலில் அடிவாரத் தோப்பில் இறங்கும், பிறகு சாலையை மூடும். இடப்பக்கம் தூரத்து வயல்களில் இன்னும் மஞ்சள் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். நீங்கள் மட்டும் நிழலுக்குள் போய்க்கொண்டிருப்பீர்கள். பார்க்க அழகுதான், ஆனால் அந்த நேரத்தில் சாலையில் இருக்கக் கூடாது. கரடியும் காட்டுப்பன்றியும் தோட்டங்களுக்கு இறங்கி வரும் ஊர்கள் இவை. ஐந்து மணிக்கு முன் ஊருக்குள் சேர்ந்துவிட வேண்டும்.

கடையத்தில் சற்று நின்று போகலாம். 1918 இறுதியில் கடலூர்ச் சிறையிலிருந்து வெளிவந்த பாரதி, மனைவி செல்லம்மாவின் ஊரான இங்கேதான் வந்து 1920 வரை வாழ்ந்தார். அவர் நடந்த ஊரின் தெருக்களில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடப்பது தனி நிறைவு. அதைத் தாண்டினால் பொட்டல்புதூர். கோயில் கட்டடக்கலையில் எழுந்த தர்கா சாலையோரத்திலேயே இருக்கிறது.

ஆழ்வார்குறிச்சிக்கு முன்னால் என் பின்சக்கரத்தில் காற்று இறங்கியது. ஒரு மைல் தள்ளிக்கொண்டு போனதும் ஒரு பஞ்சர் கடை. கடைக்காரப் பெரியவர் டியூபை உருவி, அலுமினியச் சட்டித் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வந்த இடத்தைக் கண்டுபிடித்தார். உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது காயும்வரை ஊதிக்கொண்டிருந்தார். ஒட்டு போட்டதும் நான் பணத்தை எடுத்தேன். "பொறுங்க தம்பி" என்றார். டயரின் உட்பக்கத்தில் விரலை விட்டு மெதுவாகச் சுற்றிலும் தடவினார். ஓரிடத்தில் விரல் நின்றது. குறடால் பிடுங்கி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்: கால் அங்குலம்கூட இல்லாத கருவேல முள்.

"இத எடுக்காம டியூப மட்டும் ஒட்டிட்டுப் போனீயன்னா, நாலு மைல்ல திரும்பவும் தள்ளிக்கிட்டுதான் நிப்பீய."

"சரி அண்ணாச்சி" என்று சொல்லிக் கற்றுக்கொண்டேன். அதன் பிறகு எந்த ஊரில் பஞ்சர் ஆனாலும் டயருக்குள் தடவிப் பார்க்காமல் நான் கிளம்பியதில்லை.

அம்பையிலிருந்து பாபநாசம் 10 கிலோமீட்டர் அளவுதான், ஒதுங்கிப் போய்வரலாம். 1880களில் ஹார்வி சகோதரர்கள் விக்கிரமசிங்கபுரத்தில் பஞ்சாலை தொடங்கியதும், பிறகு நீர்மின் நிலையம் வந்ததும் தாமிரபரணி இங்கே விழும் வேகத்தை நம்பித்தான். அதே ஆற்றில் இன்று படித்துறை நெடுகப் பழைய துணிகளை விட்டுவிட்டுப் போகிறோம். பாவம் தொலைக்க வந்தவர்கள் அவிழ்த்துப் போடும் வேட்டியும் சேலையும் வேர்களில் சுற்றி, மணலில் புதைந்து அழுகிக் கிடக்கின்றன. குளிக்கலாம், கும்பிடலாம், எதையும் விட்டு வராதீர்கள்.

பாபநாசத்துக்கு மேலே சோதனைச் சாவடி. அதற்கப்பால் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். 1962-இல் அறிவித்த முண்டந்துறை சரணாலயத்தையும் 1976-இல் சிங்கவால் குரங்குக்காக அறிவித்த களக்காடு சரணாலயத்தையும் இணைத்து 1988-இல் உருவானது. தமிழகத்தின் முதல் புலிகள் காப்பகம். நாம் வழியெல்லாம் கடந்த ஆறுகளில் பலவும் இந்தக் காட்டில்தான் பிறக்கின்றன. வனத்துறை அனுமதிக்கும் வரை போகலாம். இல்லை என்றால் திரும்பிவிட வேண்டும். குறுக்குப் பாதை காட்டுகிறேன் என்று யார் அழைத்தாலும் போகக் கூடாது.

சேரன்மகாதேவியிலிருந்து களக்காடு வரும்போது வாழை தொடங்கிவிடும். இருபுறமும் தோட்டம், சாலையோரம் குலைகள். இரண்டு பழமும் ஒரு சுக்குக் காப்பியும் அடுத்த 20 கிலோமீட்டருக்குத் தாங்கும். திருக்குறுங்குடியில் நம்பி கோயில் வாசலில் பயணம் முடிகிறது. திரும்புவதற்கு நாங்குநேரியிலோ வள்ளியூரிலோ ரயில் பிடிக்கலாம்.

ஒன்று சொல்லியே ஆக வேண்டும். இந்தப் பாதையின் உண்மையான சைக்கிள்காரர்கள் என்னைப் போல ரயிலில் வருகிறவர்கள் அல்ல. காலை எட்டரை மணிக்கு எந்த ஊர் எல்லையில் நின்றாலும் பார்க்கலாம்: பதினோராம் வகுப்பில் அரசு கொடுத்த சைக்கிளில் புத்தகப்பையைக் கேரியரில் வைத்து, இரட்டைப் பின்னல் பறக்க வரிசையாக வரும் பிள்ளைகள். அவர்களை உரசிக்கொண்டு, கேரளத்துக்குக் கல்லும் மணலும் ஏற்றிப் போகும் கனரக லாரிகள். லாரி நெருங்கும்போது அந்தப் பிள்ளைகள் தார்ச் சாலையை விட்டுச் சரளையில் இறங்கி, ஒரு காலை ஊன்றி நிற்கிறார்கள். அந்தச் சரளையும் பல இடங்களில் அரையடி பள்ளமாக இருக்கிறது.

அரசு சைக்கிள் கொடுக்கிறது. அதை ஓட்டுவதற்குச் சாலையின் இருபுறமும் மூன்றடி அகலத்துக்கு மட்டமான ஓரத்தையும் கொடுக்க வேண்டும். பள்ளி தொடங்கும் நேரத்திலும் விடும் நேரத்திலும் லாரிகளை நிறுத்தி வைக்க வேண்டும். தென்காசி, திருநெல்வேலி மாவட்ட நிர்வாகங்கள் இதை இந்தக் கல்வியாண்டிலேயே செய்ய வேண்டும்.