உயிர்வளிப் பயிற்சி: பூப்பு நிறைவுக்குப் பின் நெஞ்சகக் காவல்

உடலின் பெருந்தசைகளைச் சீரான ஒழுங்கில் தொடர்ந்து இயக்கி, மூச்சின் வழி வந்த ஒட்சிசனாகிய உயிர்வளியைக் கொண்டே அவை தமக்குரிய ஆற்றலை ஆக்கிக்கொள்ளுமாறு செய்யும் உழைப்பு உயிர்வளிப் பயிற்சி எனப்படும். விரைந்து நடத்தல், மிதிவண்டி மிதித்தல், நீந்துதல் என்பன இவ்வகையின. நெல்மூட்டையை ஒரே எக்கில் தோளேற்றுதலோ, உயிர்வளியின் வரவுக்குக் காத்திராமல் தசையினுள் முன்பே இருக்கும் ஆற்றலைச் செலவிடுவதால், வேறு வகையினதாகும்.  இலங்கையின் அம்பாறை நிலத்தில் உள்ள வரிப்பத்தான்சேனையின் தாய்மார் 'சீனி வருத்தம்' என்று சொல்லும் நீரிழிவு உடையோர்க்கு, பூப்பு நிறைவுக்குப் பின் இப்பயிற்சி இதயமாகிய நெஞ்சகத்தை எவ்வாறு காக்கிறது என்று ஆராய்வோம்.

பன்னிரு திங்கள் தொடர்ந்து பூப்பு நிகழாதிருப்பின் அது நிறைவுற்றது என மருத்துவர் வரையறுப்பர். பெரும்பாலோர்க்கு ஐம்பதை ஒட்டிய அகவையில் இது நிகழ்கிறது. அதன்பின் ஈத்திரோசன் என்னும் பெண்மைச் சுரப்பு அருகிவிடுகிறது. அச்சுரப்பு செய்துவந்த காவல் மூவகைத்து: குருதிக்குழாயின் உட்படலம் நைத்திரிக்கு ஒட்சைட்டை ஈன்று குழாயை நெகிழ்விக்கத் துணைநின்றது, குழாய்ச்சுவரில் படியும் தீய கொழுப்பைக் குறைத்தது, மிகைக் கொழுப்பு வயிற்றறையில் திரளாதவாறு தடுத்தது. இம்மூன்றும் தளரும் பருவத்தில் நீரிழிவும் உடனிருப்பின், குருதியில் மிகும் சருக்கரை அதே உட்படலத்தைப் புண்படுத்துகிறது. அமெரிக்காவின் பிரேமிங்காம் ஊரில் 1948இல் தொடங்கிய நெடுங்கால ஆய்வு, நீரிழிவால் நெஞ்சக நோய் பெருகும் அளவு ஆடவரினும் பெண்டிர்க்கே மிகுதி என்று காட்டிற்று. இலங்கையில் 2018–2019இல் நடந்த நாடளாவிய ஆய்வில் பெரியவர் நூற்றுவருள் ஏறத்தாழ 23 பேர் நீரிழிவுடையோராகக் காணப்பட்டமையால், இது வீடுதோறும் எண்ணத்தக்க பொருளாகும்.

பயிற்சியின் பயன் விளையும் இடங்கள் மூன்று: தசை, குழாய், நெஞ்சகம். தசைக்கலத்தினுள் சருக்கரையைச் செலுத்தும் வாயில்களை வழக்கமாக இன்சுலினே திறக்கிறது. நீரிழிவில் அத்திறவுகோல் வலுவிழக்கிறது. ஆனால் சுருங்கி விரியும் தசை, இன்சுலினை எதிர்பாராது அவ்வாயில்களைத் தானே திறந்துகொள்ளும் ஆற்றலுடையது. ஒருமுறை நடந்ததன் நற்பயன் ஓரிரு நாள் நிலைத்திருத்தலின், இரு நாளுக்கு மேல் இடைவெளி விடாதிருத்தல் வேண்டும் என்பர். குழாயில், விரைந்தோடும் குருதியின் உராய்வு உட்படலத்தைத் தூண்டி, ஈத்திரோசன் விலகியதால் குறைந்த நைத்திரிக்கு ஒட்சைட்டை மீண்டும் ஈனச் செய்கிறது. நெஞ்சகமோ ஒவ்வொரு துடிப்பிலும் மிகுதியான குருதியை வெளியேற்றப் பழகுவதால், ஓய்வில் குறைந்த துடிப்புகளாலேயே தன் கடமையை முடிக்கிறது.

எவ்வளவு பயிற்சி வேண்டும்? கிழமைக்கு 150 முதல் 300 மணித்துளி வரை நடுத்தர உழைப்பு வேண்டும் என உலக நலவாழ்வு அமைப்பு 2020இல் வரையறுத்தது. ஆயினும் தொடக்கம் சிறிதாயினும் பயனுண்டு. பூப்பு நிறைவுற்று, உடற்பருமனும் உயர் குருதி அழுத்தமும் உடைய 464 அமெரிக்க மகளிரிடை நிகழ்ந்து 2007இல் வெளிவந்த ஆய்வில், கிழமைக்கு ஏறத்தாழ 72, 136, 192 மணித்துளி பயின்ற மூன்று குழுவினரின் உயிர்வளி கொள்திறன், பயிற்சியிலாக் குழுவினரினும் முறையே 4.2, 6.0, 8.2 விழுக்காடு உயர்ந்தது. முயற்சியின் படிக்கேற்பப் பயனின் படியும் உயர்ந்த இவ்வொழுங்கே உடலின் வியப்பு.

நடுத்தர உழைப்பை அளக்கக் கருவி வேண்டா. வைகறைத் தொழுகை முடித்த இருவர் வரிப்பத்தான்சேனையின் வயலோரப் பாதையில் நடப்பதாகக் கொள்வோம். "ராத்தா, மகள் எப்ப வாறா?" என்று இளையவர் கேட்க, மூத்தவர் விடையை முழுச்சொற்றொடராகச் சொல்ல இயலவேண்டும், அப்போது பேரனுக்குப் பாடும் தாலாட்டைப் பாடத் தொடங்கினால் மூச்சு இடைமுறிய வேண்டும். அந்நடையே தக்க நடை. மழைக்காலத்தில் வீட்டு வளவே போதிய களமாகும்.

காப்புகளும் உள. நீரிழிவு கால் நரம்பின் உணர்வைக் குன்றச் செய்வதால், மூடிய செருப்பணிந்து நடந்து, வீடு திரும்பியதும் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பார்த்தல் வேண்டும். இன்சுலினோ சருக்கரையைத் தாழ்த்தும் சில மாத்திரைகளோ கொள்வோர்க்கு நடுக்கமும் வியர்வையும் தோன்றின், உடனே இனிப்பு உண்ணல் வேண்டும். நோன்புக் காலத்தில் மருத்துவரை முன்பே கலந்து, நோன்பு திறக்குமுன் கடும் உழைப்பைத் தவிர்த்தல் நன்று. குருதிச் சருக்கரை தெசிலீற்றருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே வீழின் நோன்பை விடுதல் இன்றியமையாதது. பெண்டிர்க்கு, அதிலும் நீரிழிவுடையோர்க்கு, மாரடைப்பு நெஞ்சுவலியின்றியும் வரக்கூடும். மூச்சுத்திணறல், தாடைநோவு, பழகாத களைப்பு ஆகியவற்றை வேலைக்களைப்பென்று ஒதுக்கலாகாது.

திறவுகோல் வலுவிழந்த பின்னும் வாயிலைத் திறக்கும் ஆற்றல் தாயின் தசையிலேயே உள்ளது. அடுப்படியினின்று அவரை நாள்தோறும் அரைமணிப் பொழுது விடுவித்து, அவருடன் ஒருவர் நடப்பது வீட்டார் கடமை.