ஸ்கோர் என்ன, மக்கா?

நாகர்கோவிலில் ஏதாவது ஒரு மகளிர் கல்லூரியில் பாஸ்கட்பால் மாட்ச் நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நோட்டீஸ் கிடையாது, மைக் செட் கிடையாது. ஆனாலும் விஷயம் எப்படியோ ஊருக்குள் பரவிவிடும். ஆபீஸ் விட்டு வந்த பையன்கள், ஆபீஸ் விடும் முன்பே வந்த பையன்கள், ஆபீஸே இல்லாத பையன்கள் எல்லாரும் காம்பவுண்டு சுவருக்கு வெளியே ஆஜர்! பைக்கை ஸ்டாண்டு போட்டு சீட் மேல் ஏறி நின்றால் ஒரு ரிங்கும் பாதி கோர்ட்டும் தெரியும். மீதிப் பாதியைக் கற்பனை செய்துகொள்ள வேண்டியதுதான்.

இவர்களில் ஒருத்தரைத் தோளில் தட்டி, "ஸ்கோர் என்ன, மக்கா?" என்று கேட்டுப் பாருங்கள்.

"ஸ்கோரா? ஆருக்குத் தெரியும்! நான் இப்பந்தான வந்தேன்."

சுத்தப் பொய். ஒரு மணி நேரமாக நிற்கிறார். ஏழாம் நம்பர் போட்ட பெண்ணின் ஹேர் பேண்டு என்ன கலர் என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். ஆனால் ஏழாம் நம்பர் எந்த ரிங்கில் பந்து போடவேண்டும் என்று கேட்டால் முழிப்பார்!

திட்டுவதற்காக இதை எழுதவில்லை சார். வெளியே நின்று எட்டிப் பார்க்கிற இந்த வழக்கத்துக்கு 130 வருஷ சரித்திரம் இருக்கிறது. நாஞ்சில் நாட்டுப் பையன்கள் கண்டுபிடித்தது இல்லை.

பாஸ்கட்பால் பிறந்த கதை பலருக்கும் தெரிந்திருக்கும். 1891 டிசம்பர். அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊரில் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி. வெளியே பனி கொட்டுகிறது. வெளியே போய் விளையாட முடியாத பையன்கள் உள்ளே ரகளை செய்கிறார்கள். ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற வாத்தியார் பீச் பழக்கூடை இரண்டை எடுத்து பால்கனிக் கம்பியில் ஆணியடித்து மாட்டினார். அந்தக் கம்பி தரையிலிருந்து பத்தடி உயரம். இன்றைக்கும் ரிங் பத்தடிதான். முதல் மாட்ச்சில் 18 பேர் ஓடியாடியும் விழுந்தது ஒரே ஒரு கோல்!

அந்த விளையாட்டைப் பார்த்துவிட்டு, பக்கத்துப் பள்ளிக்கூடத்து டீச்சர்கள் சிலர் தாங்களும் ஆடலாமா என்று கேட்டார்கள். வாத்தியார் சரி என்றார். ஆரம்பத்திலேயே இந்த ஆட்டத்தை ஆடிய பெண்களில் மாட் ஷெர்மன் என்பவரும் ஒருவர். 1894-ல் அவரையே கல்யாணமும் செய்துகொண்டார் நெய்ஸ்மித். (உடனே பைக்கைத் துடைக்காதீர்கள். அவர் கோர்ட்டுக்குள் நின்று ஆட்டம் சொல்லிக்கொடுத்த ஆள். சுவர் மேல் நின்றவர் இல்லை.)

நம் சுவர்க்காரர்களின் முன்னோர்கள் வருவது 1896 ஏப்ரல் 4-ம் தேதி. சான்பிரான்சிஸ்கோ நகரில் ஒரு ஹால். ஸ்டான்ஃபோர்டு, பெர்க்லி என்று இரண்டு பெரிய பல்கலைக்கழகங்களின் பெண்கள் மோதுகிறார்கள். இரண்டு கல்லூரிகளின் பெண்கள் டீமாகச் சேர்ந்து மோதிய முதல் பாஸ்கட்பால் மாட்ச் இதுதான் என்கிறார்கள். டீமுக்கு ஒன்பது பேர். பார்க்க வந்ததும் பெண்கள்தான். ஆண்களுக்கு அனுமதியே கிடையாது! பெண்கள் அரை டிரவுசர் மாதிரி ஒன்றைப் போட்டுக்கொண்டு ஓடுவதை ஆண்கள் பார்ப்பதாவது!

நம் ஆட்கள் சும்மா விடுவார்களா? ஜன்னலில் தொற்றினார்கள். கூரை மேல் ஏறினார்கள். உள்ளே இருந்த பெண்கள் கம்பை எடுத்துக்கொண்டு ஜன்னல் ஜன்னலாகக் காவல் நின்று விரட்டினார்கள். நடுவில் கூடை கழன்றுகொண்டது. சரிபண்ண இரண்டு ஆண்களை உள்ளே கூப்பிட வேண்டியதாயிற்று. அவர்கள் நுழைந்ததும் பெர்க்லி டீம் 'வீல்' என்று கத்திக்கொண்டு மூலையில் போய் ஒளிந்ததாம்.

ஸ்டான்ஃபோர்டு ஜெயித்தது. ஸ்கோர் 2-1. கிரிக்கெட்டில் இரண்டு ரன் எடுக்க ஆகும் நேரத்தை நினைத்துச் சிரிக்காதீர்கள். அப்போது ஒரு கோலுக்கு ஒரே பாயிண்ட். அந்த 2-1-க்கும் ஆயுள் அதிகமில்லை. 1899-ல் ஸ்டான்ஃபோர்டு நிர்வாகம், பெண்கள் வேறு கல்லூரிகளோடு மோதவே கூடாது என்று தடை போட்டுவிட்டது.

தடை போடாத இடங்களில் பெண்களுக்கென்று தனி ரூல் வைத்தார்கள். கோர்ட்டை மூன்றாகப் பிரித்துக் கோடு. அவரவர் கட்டத்தை விட்டுத் தாண்டக்கூடாது. எதிராளி கையிலிருந்து பந்தைப் பிடுங்கக்கூடாது. மூன்று செகண்டுக்கு மேல் பந்தை வைத்திருக்கக்கூடாது. ரொம்ப ஓடினால் பெண்களுக்கு நரம்புத் தளர்ச்சி வரும் என்று அந்தக் கால டாக்டர்கள் சொன்னதை நம்பிய காலம் அது. காலையில் தண்ணீர்க் குடத்தோடு இரண்டு கிலோமீட்டர் நடந்த நம்ம ஊர் ஆச்சிகளை அந்த டாக்டர்களுக்குக் காட்டியிருக்கலாம். அமெரிக்காவில் அயோவா மாநிலத்துப் பள்ளிகளில் பாதிப்பேர் பாதி கோர்ட்டிலேயே நிற்கும் பெண்கள் ஆட்டம் 1993 வரை நடந்தது. ஒலிம்பிக்ஸில் ஆண்கள் பாஸ்கட்பால் 1936-ல் வந்துவிட்டது. பெண்களுக்கு 1976-ல்தான். நடுவில் முழுசாக 40 வருஷம்.

அமெரிக்கா கிடக்கட்டும், நம்ம ஊருக்கு வருவோம்.

1920-ல் ஹாரி பக் என்ற அமெரிக்கர் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை ஆரம்பித்தார். அங்கே படித்த பி.டி. வாத்தியார்கள்தான் பல ஊர்ப் பள்ளிக்கூடங்களுக்குப் பந்தையும் விசிலையும் கொண்டுபோனார்கள்.

நாஞ்சில் நாட்டில் ஒரு பெண் கையில்லாத பனியனில் நம்பர் போட்டுக்கொண்டு ஊர் பார்க்க ஓடுகிறாள் என்றால், அது லேசுப்பட்ட சங்கதி இல்லை. பழைய தென் திருவிதாங்கூரில் நாடார் பெண்களும் வேறு பல சாதிப் பெண்களும் மேலாடை போடக்கூடாது என்று கட்டுப்பாடு இருந்த மண் இது. தோள்சீலைப் போராட்டம் பல பத்து வருஷம் நடந்து, அடி உதை, தீ வைப்பு எல்லாம் ஆகி, 1859-ல்தான் மகாராஜா இறங்கி வந்து உத்தரவு போட்டார். உடம்பில் என்ன துணி போடலாம் என்பதை இங்கே ஊரும் அரண்மனையும் முடிவு செய்துகொண்டிருந்தன. சான்பிரான்சிஸ்கோ மாட்ச்சுக்கு 37 வருஷத்துக்கு முந்தின கதைதான்.

இதே நாகர்கோவிலில் 1820-ஐ ஒட்டியே லண்டன் மிஷன்காரர்களின் மனைவிமார் பெண் பிள்ளைகளுக்கு போர்டிங் ஸ்கூல் நடத்தினார்கள். அங்கே சொல்லிக்கொடுத்த லேஸ் பின்னல் பிறகு இந்த ஜில்லாவுக்கே ஒரு தொழிலானது. 2011 சென்சஸில் எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே முதல் இடம் கன்னியாகுமரி மாவட்டம், 91.75 சதவீதம். பெண்களைப் படிக்க அனுப்ப நம்ம ஊரில் யாரும் யோசிப்பதில்லை. விளையாட அனுப்பத்தான் யோசனை. "எம்மா, வெயில்ல கறுத்துப் போவா" என்று ஆரம்பித்து, "காலு ஒடிஞ்சா எவன் கெட்டுவான்?" என்பதில் போய் நிற்கும்.

அதையும் தாண்டி ஒரு பெண் கோர்ட்டுக்கு வந்தால், அடுத்த எதிரி மழை. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் கொட்டுகிற ஜில்லா. சிமெண்டு கோர்ட்டில் தண்ணீர் நின்றால் டிரிபிள் பண்ணிய பந்து திரும்பி வராது, ஆள்தான் வழுக்கிப் போவார். அதனால் மாட்ச்சுக்கு முன்னால் பிள்ளைகளே வாரியலை எடுத்துத் தண்ணீர் தள்ளி, சாக்கு போட்டுத் துடைத்து, பிறகு வார்ம்-அப். இன்னொரு எதிரி பஸ். குலசேகரம் பக்கம் போகவேண்டிய பெண்ணும் குளச்சல் பக்கம் போகவேண்டிய பெண்ணும் ஒரே டீமில் இருந்தால், பிராக்டிஸ் எத்தனை மணிக்கு முடியும் என்பதைத் தீர்மானிப்பவர் கோச் அல்ல, கண்டக்டர்.

சரி, இப்போது கொஞ்சம் ஆட்டம். இனிமேல் யாராவது ஸ்கோர் கேட்டால் முழிக்கக் கூடாது அல்லவா?

பத்து நிமிஷம் வீதம் நான்கு குவார்ட்டர். டீமுக்கு ஐந்து பேர். பந்து கைக்கு வந்தால் 24 செகண்டுக்குள் ரிங்கை நோக்கி எறிந்தாக வேண்டும். வாலிபாலில் பெண்களுக்கு நெட்டைக் கொஞ்சம் இறக்கிக் கட்டுவார்கள். குண்டெறிதலில் குண்டின் எடையைக் குறைப்பார்கள். பாஸ்கட்பாலில் பெண்களின் பந்து கொஞ்சம் சிறியது, அவ்வளவுதான். ரிங்கை ஒரு இஞ்ச் கூட இறக்குவதில்லை. ஐந்தடி இரண்டு அங்குலப் பெண்ணும் அதே பத்தடிக்குத்தான் போட்டாக வேண்டும்.

முக்கியமாகப் பார்க்க வேண்டியது கடைசி இரண்டு நிமிஷம். ஒரு டீம் இரண்டு பாயிண்ட் பின்னால் நிற்கிறது. பந்து எதிராளி கையில். சும்மா விட்டால் அவர்கள் 24 செகண்டையும் தின்றுவிட்டுத்தான் எறிவார்கள். என்ன செய்வது? வேண்டுமென்றே ஃபவுல்! விசில் அடித்ததும் கடிகாரம் நின்றுவிடும். சுவர் மேலிருந்து "அடிக்கா பாருலே, ரவுடி!" என்று கத்துவார்கள். ரவுடித்தனம் இல்லை சார், கணக்கு. அந்தக் குவார்ட்டரில் ஒரு டீம் நாலு ஃபவுலைத் தாண்டிவிட்டால் எதிராளிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. அதைத் தவறவிடுவார்கள், ரீபவுண்டு நமக்குக் கிடைக்கும், ஓடிப்போய்ப் போட்டுவிடலாம் என்கிற நப்பாசை. நான் படித்த பி.காமில் இதை கால்குலேட்டட் ரிஸ்க் என்பார்கள். அங்கே ரிஸ்க் எடுத்தவர்கள் யாரும் மூச்சு வாங்கவில்லை என்பதுதான் வித்தியாசம்.

ஃப்ரீ த்ரோவுக்கு நிற்கிற பெண்ணைக் கவனியுங்கள். போர்டிலிருந்து பதினைந்தடி தூரம். எதிரே தடுக்க ஆள் கிடையாது. ஒன்பது பேர் ஓடியாடி நின்றுவிட்டு அவளையே பார்க்கிறார்கள். கால் நடுங்கும், கையில் வியர்வை. பந்தை இரண்டு தட்டு தட்டிவிட்டு நிமிர்கிறாள். கரெக்டாக அந்த நேரம் பார்த்து சுவருக்கு வெளியேயிருந்து ஒரு விசில். நம்ம ஆள்! அவருக்கு அது ஜாலி. அவளுக்கு அது ஒரு பாயிண்ட்.

ஒரு பாயிண்டில் என்ன போச்சு என்கிறீர்களா? ஆபீஸ் போகிறவர்களுக்கு இது சட்டென்று புரியும். கல்லூரிகளுக்கிடையேயான போட்டியில் ஜெயித்து மேலே மேலே போனால், பல்கலைக்கழக டீமுக்கு ஆள் எடுப்பவர்களின் கண்ணில் படலாம். நம்ம ஜில்லா கல்லூரிகள் பலவற்றுக்கு அது நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம். அந்த டீமில் இடம் பிடித்து, மற்றப் பல்கலைக்கழகங்களோடு ஆடினால் கையில் கிடைப்பது 'ஃபார்ம்-3' என்ற சர்டிபிகேட். விளையாட்டுக் கோட்டாவில் அரசு வேலைக்கு மனுப் போடுகிறவர்களுக்கு அது ஒரு சாவி. சர்வதேச ஆட்டக்காரருக்கு ஃபார்ம்-1, மாநிலத்துக்கு ஆடினவருக்கு ஃபார்ம்-2, பல்கலைக்கழகத்துக்கு ஆடினவருக்கு 3. முதல் ரவுண்டிலேயே இரண்டு பாயிண்டில் தோற்ற டீமின் நல்ல ஆட்டக்காரியை யார் பார்த்தார்கள்? டிகிரி வாங்கியதும் அவள் ஷூவைக் கழற்றி வைத்துவிட வேண்டியதுதான். கல்யாணத்துக்குப் பிறகு அந்த ஷூ எந்தப் பரணில் கிடக்கிறது என்று அவளுக்கே தெரியாது.

கழற்றாத ஒருவர் கதை இருக்கிறது. சென்னைப் பெண் அனிதா பால்துரை. அவரும் பி.காம். தான்! (பி.காம். படித்தால் இப்படியும் ஆகலாம், கட்டுரை எழுதியும் திரியலாம்.) தெற்கு ரயில்வேயில் வேலை. 19 வயதில் இந்திய டீமுக்குக் கேப்டன். 2000-த்திலிருந்து 2017 வரை இந்தியாவுக்காக ஆடினார். நடுவில் கல்யாணம் ஆயிற்று, குழந்தை பிறந்தது. "இனி எதுக்கு?" என்று கேட்க நம் நாட்டில் ஆளுக்கா பஞ்சம்? அவர் திரும்பி வந்தார். பிராக்டிஸ் கேம்புக்காகக் கைக்குழந்தையைப் பிரிந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்பதைத் தாய்மார்களைக் கேட்டால் சொல்வார்கள்.

2017 ஜூலை, பெங்களூர். ஆசியக் கோப்பையின் 'பி' டிவிஷன் ஃபைனல். கேப்டன் அனிதா. எதிரே கஜகஸ்தான். முன்னாள் சோவியத் நாடு, பாஸ்கட்பாலில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள். இந்தியா 75, கஜகஸ்தான் 73. இரண்டே பாயிண்ட், அதாவது ஒரு பந்து! அந்த ஒரு பந்தில் இந்தியப் பெண்கள் 'ஏ' டிவிஷனுக்கு ஏறினார்கள். 2021-ல் அனிதாவுக்கு பத்மஸ்ரீ.

அன்றைக்கு இந்தியா டெஸ்ட் மாட்ச்சும் ஆடிக்கொண்டிருந்த சீசன். டீக்கடையில் கோலி எத்தனை அடித்தார் என்று கேட்டால் பத்துப் பேர் பதில் சொல்லியிருப்பார்கள். 75-73 என்று சொல்ல ஒருத்தர் இருந்திருந்தால் அந்த டீக்கடைக்கே நான் மாலை போட்டிருப்பேன்.

இந்தியா, பத்மஸ்ரீ என்றெல்லாம் போக வேண்டாம். கோயம்புத்தூரில் பெண்களுக்கான அகில இந்தியப் போட்டி நடக்கும்போது பாருங்கள். குடும்பத்தோடு வந்து காலரியில் உட்கார்ந்து, ரெஃப்ரி தப்பாக விசில் அடித்தால் பாட்டி கூட எழுந்து சண்டைக்குப் போகிறார். அங்கே ஒரு நல்ல பாஸுக்குக் கைதட்டல் விழுகிறது. கோல் போட்டவளுக்கு மட்டுமல்ல, பாஸ் கொடுத்தவளுக்கும்.

நம்ம ஊரில் மாவட்ட டோர்னமெண்ட் என்றால் அண்ணா ஸ்டேடியம் போன்ற பொது மைதானங்களில் நடக்கும். அங்கே உங்களை யாரும் கம்பை எடுத்து விரட்டப்போவதில்லை. பைக்கை வெளியே வைத்துவிட்டு உள்ளே வந்து உட்காரலாம். முழு கோர்ட்டும் தெரியும். விசிலை ரெஃப்ரி வைத்திருக்கிறார், இன்னொன்று தேவையில்லை. மழை நாளாக இருந்தால் வீட்டிலிருந்து பழைய சாக்கு ஒன்று எடுத்து வாருங்கள். தரை துடைக்க எப்போதுமே ஒரு ஆள் குறையும்.