கணக்குக் கேட்ட இளவரசர்

மதுராந்தகர் என்றதும் நாவலும் திரையும் தந்த முகம்தான் நினைவுக்கு வருகிறது. உத்தம சோழர் என்று முடிசூடியவர் அவர்தான். அவருடைய மகனைப் பற்றிப் பேசுவார் இல்லை. மதுராந்தகன் கண்டராதித்தன் என்று கல்வெட்டு சொல்லும் அந்த இளவரசர், 985இல் அரியணை ராஜராஜனிடம் போன பிறகு அதே அரசில் கோயில் காரியங்களை ஆராயும் உயர் அதிகாரியாக இருந்தார்.

பெயரை வைத்து மட்டும் உத்தம சோழரின் மகன் என்று சொல்லிவிடலாமா எனத் தயங்குவோர் உண்டு. தந்தை மதுராந்தகர் பெயரும் பாட்டனார் கண்டராதித்தர் பெயரும் சேர்ந்து நிற்பதே எனக்குப் போதும்.

ராஜராஜனின் ஏழாம் ஆட்சியாண்டில் இந்த இளவரசர் வேலூர் அருகே திருவல்லம் கோயிலுக்கு வந்தார். ஆயிரம் குடம் நீரால் இறைவனுக்குத் திருமஞ்சனம் செய்வித்தார். படையல் இரண்டு நாழி அரிசியாகச் சுருங்கியிருந்தது. கறியமுது, நெய், தயிர் எல்லாம் நின்றுபோயிருந்தன. நந்தா விளக்குகளைக் கவனிப்பார் இல்லை. சிவப்பிராமணர்களையும் ஊர்ச் சபையாரையும் கூப்பிட்டார். வரவைச் சொல்லுங்கள், செலவைச் சொல்லுங்கள் என்றார்.

இது பாட்டி செம்பியன் மாதேவி வழி வந்த அக்கறை. குத்தாலம் உக்தவேதீசுவரர் கோயில் திருப்பணியில் அவர் பெயர் சொல்லப்படுகிறது. பக்கத்துக் கோனேரிராஜபுரத்தில் கணவர் பெயரால் கற்றளி எடுத்து, அவர் லிங்கத்தை வணங்கும் சிற்பமும் வைத்தார். பாட்டி அறக்கட்டளை வைத்தார். அது சாமிக்குப் போய்ச் சேர்கிறதா என்று பேரன் பார்த்தார்.

இன்று யார் பார்க்கிறார்கள்? டெல்டாவில் ஏட்டில் நிலமுள்ள எத்தனையோ சிறு கோயில்களில் ஒரு கால பூஜையே இழுபறி. குறுவையும் சம்பாவும் விளைகின்றன. குத்தகை நெல் மட்டும் பாக்கி நிற்கிறது. ஆற்றில் தண்ணீர் வராத வருஷம் எதை அளப்பது என்று சாகுபடிக்காரர் கேட்பதும் நியாயம்தான். ஆனால் நன்றாக விளைந்த வருஷத்துப் பாக்கிக்கு அந்தச் சமாதானம் செல்லாது. விளக்கு அணைவது எண்ணெய் இல்லாததால் மட்டுமல்ல, கணக்கு மறைவதால்.

சோழர் காலத்தில் கணக்கு கல்லிலேயே ஏறியது. இன்று வாசலில் ஒரு பலகை போதும். புல எண், பரப்பு, குத்தகை அளவு, பாக்கி, அன்றாடப் படி அரிசி: இவ்வளவையும் அடுத்த பசலி தொடங்கும் ஜூலை 1க்குள் கோயிலுக்குக் கோயில் எழுதி வைக்க வேண்டும். ஊர் படிக்கட்டும்; படித்துவிட்டுக் கேட்கட்டும்.