மார்ச்சில் தாகம், அக்டோபரில் படகு

ஏரிகளை விழுங்கி வளர்ந்தது பெங்களூர். மாறிவரும் பருவநிலை இப்போது அதற்குக் கணக்குக் கேட்கிறது.

2024 மார்ச். பெங்களூரின் புறநகர் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் தண்ணீர் லாரி வந்தால்தான் குளியல். நகரில் அரசு போட்ட சுமார் 14,000 ஆழ்குழாய்க் கிணறுகளில் ஏறக்குறைய பாதி வறண்டுவிட்டன. துணை முதல்வர் டி.கே. சிவகுமாரே தம் வீட்டுக் கிணறும் வற்றிவிட்டதாகச் சொன்னார். குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தது குடிநீர் வாரியம். ஏப்ரல் 28 அன்று வெப்பம் 38.5 டிகிரி. மின்விசிறி தேவைப்படாத ஊர் என்று ஒரு காலத்தில் பெயர் வாங்கிய நகரம் இது!

அடுத்த காட்சி ஜூன் 2. ஒரே நாளில் 111 மி.மீ. மழை. கடந்த 133 ஆண்டுகளில் ஜூன் மாதத்து நாள் எதிலும் அங்கே அவ்வளவு பெய்ததில்லை. அக்டோபரில் யெலஹங்காவில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் வசித்தவர்களைப் படகில் ஏற்றி வெளியே கொண்டுவர வேண்டியிருந்தது. ஏழு மாதம் முன்பு தண்ணீருக்குத் தவித்த அதே நகரம்தான்.

"பருவநிலை மாறிவிட்டது" என்பது அதிகாரிகளுக்கு வசதியான பதில். அது பொய்யல்ல. பூமி ஒரு டிகிரி சூடானால் காற்று சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும். அதனால் மழை பெய்யாத நாட்கள் நீள்கின்றன. பெய்யும்போது கொட்டித் தீர்க்கிறது. ஆனால் இது பாதிக் கதைதான். மீதியை எழுதியது நகரமே.

கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில், மேட்டின் மீது அமர்ந்திருக்கும் ஊர் பெங்களூர். பெரிய ஆறு எதுவும் பக்கத்தில் இல்லை. 1537-ல் இங்கே கோட்டை எழுப்பிய கெம்பே கவுடாவுக்கு இது தெரிந்திருந்தது. கோட்டையோடு ஏரிகளையும் வெட்டினார். பின்னால் வந்தவர்களும் வெட்டினார்கள். ஒரு ஏரி நிரம்பினால் உபரி நீர் அடுத்த ஏரிக்குப் போகும். இடையில் ஓடும் கால்வாய்க்கு 'ராஜகாலுவே' என்று பெயர். கலிங்கும் மறுகாலும் பார்த்து வளர்ந்த தமிழ்நாட்டு விவசாயிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கொட்டும் மழையை ஏரி வாங்கிக்கொள்ளும். கோடையில் கிணறுகளில் அது ஊறும்.

அந்த ஏரிகள் எங்கே? மெஜஸ்டிக் பேருந்து நிலையத்தில் இறங்குகிறவர் நிற்பது தர்மாம்புதி ஏரியின் படுகையில். கண்டீரவா ஸ்டேடியம் இருக்கும் இடம் சம்பங்கி ஏரி. செல்லகட்டா ஏரி கோல்ஃப் மைதானமானது. ஏரியை வளைத்ததில் ரியல் எஸ்டேட்காரர்களுக்கு வழிகாட்டியது அரசுதான். எச்சரிக்கை இல்லாமலும் இல்லை. ஏரிகளைக் காப்பாற்றியாக வேண்டும் என்று லட்சுமண ராவ் கமிட்டி 1986-லேயே அறிக்கை தந்தது. 2017-ல் கோலிவாட் தலைமையிலான சட்டமன்றக் குழு, பெங்களூர் நகர, ஊரக மாவட்டங்களில் 10,000 ஏக்கருக்கும் மேல் ஏரி நிலம் ஆக்கிரமிக்கப்பட்டிருப்பதாகக் கணக்குக் காட்டியது.

நடுவே நகரம் வீங்கியது. 1991-ல் சுமார் 41 லட்சமாக இருந்த மக்கள்தொகை 2011-ல் 84 லட்சத்தைத் தாண்டியது. சாஃப்ட்வேர் கம்பெனிகள் வந்தன. 2007-ல் 110 கிராமங்கள் நகரோடு சேர்க்கப்பட்டன. குழாய் நீருக்கு அவை பல ஆண்டுகள் காத்திருந்தன. 1973-ல் நகரப் பரப்பில் கட்டடங்கள் இருந்தது சுமார் 8 சதவீதம் மட்டுமே என்கிறது இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வு. அதன்பின் நாற்பது ஆண்டுகளில் நீர்நிலைகளில் ஏறக்குறைய 79 சதவீதம் காணாமல் போனது.

விளைவு என்ன? சிமென்ட் தரையில் விழும் மழை மண்ணுக்குள் இறங்காது. உடனே ஓடும், ஓட வழியில்லாவிட்டால் தேங்கும். 2022 செப்டம்பரில் ஓர் இரவில் 131 மி.மீ. கொட்டியபோது, சாஃப்ட்வேர் இன்ஜினியர்கள் டிராக்டரில் ஏறி ஆபீஸ் போனார்கள். மண்ணுக்குள் இறங்காத அந்த மழைதான் கோடையில் வறண்ட கிணறாகத் தெரிகிறது. பகலில் அதே சிமென்ட் உள்வாங்கும் சூடு இரவில் வெளியே வந்து தூக்கத்தைக் கெடுக்கிறது.

இதற்கு நகரம் கண்ட மருந்து காவிரி. 1974 முதல் சுமார் 100 கிலோமீட்டர் தூரத்திலிருந்து, 500 மீட்டர் உயரத்துக்கு நீர் ஏற்றப்படுகிறது. 2024 அக்டோபரில் தொடங்கப்பட்ட ஐந்தாம் கட்டத் திட்டம் தினமும் 77.5 கோடி லிட்டர் கூடுதலாகக் கொண்டுவருகிறது. இத்தனை நீரை மேலே ஏற்ற மின்சாரம் வேண்டும். அதில் ஒரு பங்கு நிலக்கரியை எரித்து வருவது. அந்தப் புகையும் சேர்ந்துதான் பூமியைச் சூடாக்குகிறது. போதாக்குறைக்கு, 2023 போல் பருவமழை பொய்த்தால் காவிரியும் கைவிடும்.

2018 தீர்ப்பில் பெங்களூரின் குடிநீருக்காக உச்ச நீதிமன்றம் கூடுதலாகத் தந்தது 4.75 டி.எம்.சி. சுமார் 700 சதுர கிலோமீட்டர் நகரப் பரப்பில் சராசரி ஆண்டில் விழும் மழையைக் கணக்கிட்டால் 20 டி.எம்.சி.க்கு மேல் வரும். முழுவதையும் பிடிக்க முடியாது. ஆனால் கால்வாசியைப் பிடித்தாலே கோர்ட்டில் கிடைத்ததைவிட அதிகம்.

இதில் தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு. பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளைக் கடந்து வரும் கழிவு தென்பெண்ணையில் கலந்து, ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் நுரையாகப் பொங்குகிறது. விருஷபாவதியில் போகும் கழிவு அர்க்காவதி வழியாகக் காவிரியைச் சேர்கிறது. பெங்களூர் ஏரிகள் சுத்தமானால் கிருஷ்ணகிரி விவசாயிக்கும் லாபம்.

நம்பிக்கைக்கு இடமில்லாமல் இல்லை. ஜக்கூரில் சுத்திகரித்த கழிவுநீரைக் கோரை வளர்ந்த சதுப்பு வழியாக ஏரிக்கு விடுகிறார்கள். கைகொண்டரஹள்ளி ஏரியை அக்கம்பக்கத்து மக்களும் மாநகராட்சியும் சேர்ந்து மீட்டார்கள். மழைநீர் சேகரிப்புக்கு 2009 முதல் சட்டம் இருக்கிறது, நடைமுறைதான் அரைகுறை.

2025 செப்டம்பரில் பெங்களூர் மாநகராட்சி ஐந்தாகப் பிரிக்கப்பட்டது. ஐந்து எல்லைகளையும் மதிக்காமல் தண்ணீர் பள்ளத்தை நோக்கித்தான் ஓடும். எந்தப் பள்ளம் என்று கெம்பே கவுடா கால்நடையாகவே கண்டுபிடித்தார். செயற்கைக்கோள் செய்யும் ஊருக்கு அது தெரியாமல் இருக்க நியாயமில்லை.