சீட்டும் சொல்லும்: குறி கேட்கும் ஆர்வம் பிறக்கும் இடம்

சிராங்கூன் சாலையின் நடையோரத்தில் கிளியோடு அமர்ந்திருந்த சோதிடரைச் சிங்கப்பூரின் மூத்த தலைமுறையினர் பலர் அறிவர். கூண்டைத் திறந்ததும் கிளி வெளியே வரும். அடுக்கி வைத்த சீட்டுகளுள் ஒன்றை அலகால் இழுத்துப் போடும். சோதிடர் அதிலுள்ள படத்தைக் காட்டிப் பலன் உரைப்பார். இன்றைய இளையோர் பலருடைய கையில் இருப்பது டாரட் என்னும் மேலைநாட்டுச் சீட்டுக்கட்டு. கைப்பேசித் திரையிலும் அதைக் கலைத்து எடுக்கலாம். கருவி மாறியிருக்கிறது. சீட்டைத் திருப்பும் கணத்தில் நெஞ்சில் எழும் துடிப்பு மாறவில்லை.

கலைத்து வைத்த கட்டிலிருந்து எந்தச் சீட்டு வரும் என்பது தற்செயல். அந்தச் சீட்டுக்கு நாளை நடக்கப்போவது தெரியும் என்பதற்குச் சான்று எதுவும் இல்லை. இதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறோம். எனினும் இவ்வளவோடு பேச்சை முடித்துவிட்டால், படித்தவர்களும் பகுத்தறிவு உடையவர்களும் இதன்பால் ஈர்க்கப்படுவது ஏன் என்பது விளங்காமலே போய்விடும். ஒருவருக்குச் சீட்டுக் குறியில் முதல் நாட்டம் எவ்வாறு உண்டாகிறது? இவ்வினாவையே இங்கு ஆராய்கிறோம். மொழி கற்பிப்போருக்கும் கற்போருக்கும் இதில் தனிப்பட்ட அக்கறை இருக்க வேண்டும். ஏனெனில், சீட்டு ஊமை; அதைப் பேச வைப்பது மொழி.

ஆட்டம் குறியான கதை

டாரட் பிறந்தது குறி சொல்வதற்காக அன்று. எகிப்தின் மம்லூக் அரசுக் காலத்துச் சீட்டுகளை ஒத்த ஆட்டச்சீட்டுகள் 1370களில் ஐரோப்பாவில் பரவின. அவற்றில் கிண்ணம், காசு, வாள், கோல் என நான்கு இனங்கள் இருந்தன. 1440களில் வட இத்தாலியப் பிரபுக்களின் அவைகளில் அந்நான்கு இனங்களோடு வெற்றிச்சீட்டுகள் என்னும் ஐந்தாம் தொகுதி ஒன்றும் சேர்க்கப்பட்டது. பேரரசன், துறவி, காதலர், சக்கரம், மரணம், கதிரவன் போன்ற உருவங்கள் அதில் இடம்பெற்றன. இன்று வழங்கும் கட்டில் இவை 22, இனச்சீட்டுகள் 56, ஆகமொத்தம் 78. பெரிய சீட்டால் சிறிய சீட்டை வெட்டிப் புள்ளி சேர்ப்பதே ஆட்டம். பிரான்சிலும் ஆஸ்திரியாவிலும் இன்றளவும் அதை ஆட்டமாகவே ஆடுவோர் உள்ளனர்.

ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்குப் பின் வந்தது திருப்பம். 1781இல் கூர் தெ ஜெபலன் என்னும் பிரெஞ்சு அறிஞர், இப்படங்கள் பண்டைய எகிப்தியரின் மறைநூலில் எஞ்சிய ஏடுகள் என்று எழுதினார். அப்போது எகிப்தியச் சித்திர எழுத்தை வாசிக்க வல்லார் எவரும் இலர். ரொசெட்டாக் கல் கண்டெடுக்கப்பட்டது 1799இல். ஷம்போலியன் அவ்வெழுத்தின் புதிரை அவிழ்த்தது 1822இல். வாசிக்க இயலாத ஒரு மொழியின் பெயரால் கட்டிய கதையே சீட்டுக்கு மறைபொருளை அளித்தது. அடுத்த சில ஆண்டுகளில் பாரிசில் அலியெத் என்பவர் தம் பெயரின் எழுத்துகளைத் தலைகீழாக்கி 'எத்தெய்யா' என்ற புனைபெயரில் டாரட் கொண்டு குறி பார்க்கும் முறையை நூலாக்கினார். குறிக்கெனவே தனிக் கட்டு ஒன்றையும் வெளியிட்டார். 1980இல் ஆக்ஸ்போர்டு மெய்யியலாளர் மைக்கேல் டம்மெட், டாரட் வெகுகாலம் ஆட்டமாகவே வழங்கியது என்பதை ஒரு பெருநூலில் விரிவாக நிறுவினார்.

ஆட்டப்பொருள் குறிப்பொருளாவது தமிழருக்குப் புதிதன்று. சங்கப் பாடல்களில் கழங்கு என்பது மகளிர் மணலில் ஆடும் விளையாட்டுக் காய். அதே கழங்கை உருட்டித்தான் வேலன், தலைவியின் மெலிவுக்குக் காரணம் முருகு என்று குறி கூறுவான். கையில் புரண்டு எதிர்பாராத விதமாக விழுவது எதுவோ, அதனிடம் மனிதர் கேள்வி கேட்கத் தலைப்படுகின்றனர்.

படத்தின் அழைப்பு

டாரட்டில் முதலில் இழுப்பது படம். இன்று உலகெங்கும் பரவியுள்ள கட்டு 1909இல் லண்டனில் ரைடர் பதிப்பகம் வெளியிட்டது. திட்டம் ஆர்தர் எட்வர்ட் வெயிட் என்பவருடையது. ஓவியங்கள் பமெலா கோல்மன் ஸ்மித் என்னும் பெண்மணியுடையவை. அதற்கு முந்திய பெரும்பாலான கட்டுகளில் கிண்ணம் ஐந்து என்றால் ஐந்து கிண்ணங்களே வரையப்பட்டிருக்கும். பமெலா அங்கே ஒரு காட்சியை வரைந்தார். கறுப்பு மேலாடை போர்த்திய ஒருவர் தலைகுனிந்து நிற்கிறார். அவர்முன் மூன்று கிண்ணங்கள் கவிழ்ந்து கிடக்கின்றன. முதுகுக்குப் பின்னால் இரண்டு கிண்ணங்கள் கவிழாமல் நிற்கின்றன.

அண்மையில் ஒன்றை இழந்த எவரும் இப்படத்தைக் கண்டு வாளா இருத்தல் அரிது. தேர்வில் தவறிய மாணவர் கவிழ்ந்த கிண்ணங்களில் தம் மதிப்பெண்ணைக் காண்பார்; நட்பு முறிந்தவர் முறிந்த நட்பைக் காண்பார். நிற்கும் இரண்டையும் ஒருவர் சுட்டிக்காட்டியதும், "ஆம், எனக்கும் ஏதோ மிச்சம் இருக்கிறது" என்று மனம் ஆறுதல் கொள்ளும். எண்ணும் இனமும் மட்டுமே இருந்த சீட்டு இவ்வாறு ஒரு சிறுகதையின் முதல் வரியாயிற்று. மீதிக் கதையைப் பார்ப்பவரே எழுதிக்கொள்கிறார்.

துறையில் நிற்கும் மனம்

படம் எல்லாருக்கும் ஒன்றே. எனினும் எல்லாரும் எல்லா நாளிலும் சீட்டை நாடுவதில்லை. தேர்வு முடிவுக்கு முந்திய இரவு, வேலை கேட்டு எழுதிய விண்ணப்பத்துக்கு மறுமொழி வராத வாரம், சொல்லாத காதல், வீட்டில் ஒருவர் நோயுற்ற காலம் ஆகிய பொழுதுகளே பெரும்பாலும் முதல் சீட்டைத் திருப்பும் பொழுதுகள்.

மானிடவியலாளர் மலினோவ்ஸ்கி, பசிபிக்கின் டுரோபிரியண்ட் தீவுகளில் கண்ட ஒன்று இங்கு நினைக்கத்தக்கது. அத்தீவினர் அமைதியான உட்கடலில் மீன்பிடிக்கும்போது மந்திரச் சடங்கு எதனையும் செய்வதில்லை. அங்கே முயற்சிக்கு ஏற்ற பலன் உறுதி. ஆபத்தும் ஐயமும் நிறைந்த திறந்த கடலுக்குப் போகும்போதோ விரிவான சடங்குகளைச் செய்கின்றனர். இரு வேளையும் மீன்பிடிப்பவர் அதே அறிவுடைய மனிதரே. கைக்கு எட்டாத ஒன்றின் எதிரே நிற்கும்போது, ஏதேனும் ஒன்றைச் செய்தாக வேண்டும் என்ற தவிப்பு எழுகிறது. சீட்டைக் கலைப்பது அத்தவிப்புக்கு ஒரு வேலை கொடுக்கிறது. ஆகவே சீட்டை நாடுவோரை அறிவிலார் என்று இகழ்வது பிழை. அவர் அப்போது நிற்பது திறந்த கடலோரத்தில்.

பொருந்திவிட்ட சொல்

படம் அழைக்கலாம், தவிப்பு தள்ளலாம். நாட்டத்தை நிலைநிறுத்துவது சொல்லே. "எனக்கு மட்டும் தெரிந்ததை அவர் எப்படிச் சொன்னார்?" என்ற வியப்பே பலரை மறுமுறையும் வரச் செய்கிறது.

1948இல் அமெரிக்க உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர் தம் மாணவர்களுக்கு ஆளுமைத் தேர்வு ஒன்றை நடத்தினார். ஒரு வாரம் கழித்து ஒவ்வொருவரிடமும், 'இது உம்மைப் பற்றிய கணிப்பு' என்று ஒரு தாளைத் தந்து, அது எவ்வளவு பொருந்துகிறது என ஐந்து புள்ளிக்குள் மதிப்பிடச் சொன்னார். சராசரி நான்கைத் தாண்டியது. பின்னரே மாணவர்க்குத் தெரிந்தது: அனைவருக்கும் தரப்பட்டது ஒரே தாள், அதன் வாக்கியங்கள் கடையில் விற்ற சோதிட நூலிலிருந்து திரட்டியவை. அத்தகைய வாக்கியங்களின் இலக்கணம் எளிது. வெளியே உறுதி, உள்ளே கலக்கம் என இருபுறமும் அணைத்துச் சொல்லும். 'சிற்சில வேளை' என்று தப்பும் வழி வைக்கும். குறையைச் சொல்லி உடனே நிறையைச் சொல்லும். இடைவெளி விட்டுப் பேசும் அச்சொல்லைக் கேட்பவர் தம் வாழ்வால் நிரப்பிக்கொள்கிறார். நிரப்பியவர் தாம் என்பதை மறந்துவிடுகிறார்.

நினைவும் இதற்குத் துணைபோகிறது. 2010ஆம் ஆண்டு உலகக் கிண்ணக் காற்பந்துப் போட்டியின்போது சிங்கப்பூர்க் கிளி மணி, காலிறுதி ஆட்டங்களின் வெற்றியாளரைச் சரியாக எடுத்துக்காட்டி உலகப் புகழ் பெற்றது. இறுதியாட்டத்துக்கு அது எடுத்தது நெதர்லாந்து, வென்றதோ ஸ்பெயின். பொருந்தியதைப் பேசுகிறோம், பொருந்தாததை மெல்ல மறக்கிறோம்.

நம் இலக்கியம் இதன் மென்மையான பக்கத்தையும் அறிந்திருந்தது. முல்லைப்பாட்டில் முதுபெண்டிர் ஊர்ப்புறம் சென்று, நெல்லும் முல்லை மலரும் தூவித் தொழுது, யாரேனும் பேசும் சொல்லுக்காகக் காத்து நிற்கின்றனர். இதற்கு விரிச்சி என்று பெயர். இடைமகள் ஒருத்தி, தாய்ப்பசுவைக் காணாது வருந்தும் இளங்கன்றைத் தேற்றுகிறாள். கன்றுக்குச் சொன்ன அந்த ஆறுதலைத் தலைவன் மீண்டு வருவான் என்பதற்கு நன்னிமித்தமாக அவர்கள் கொள்கின்றனர். சொல்லியவள் அறியாத பொருளைக் கேட்டவர் தந்தனர். சீட்டுக் குறியின் இயக்கமும் இதுவே.

வகுப்பறைக்கு ஒரு சொல்

அப்படியானால் ஆசிரியர் செய்யத்தக்கது யாது? மாணவர் கையில் கட்டைக் கண்டதும் பறிப்பது எளிது. நகைப்பது அதனினும் எளிது. இரண்டும் ஆர்வத்தை ஒளிவிடத்துக்குத் துரத்துமே அன்றித் தணிக்கமாட்டா.

முதலாவதாக, படத்தைக் கதையாகக் கற்பிக்கலாம். இத்தாலிய எழுத்தாளர் இத்தாலோ கால்வினோ, பேச்சிழந்த பயணிகள் டாரட் சீட்டுகளை வரிசையாக வைத்தே தம் வரலாற்றைக் கூறுவதாக ஒரு புனைகதை படைத்தார். ஒரே படத்தைப் பத்து மாணவரிடம் கொடுத்துப் பத்திகள் எழுதச் சொன்னால் பத்துக் கதைகள் வரும். பொருள் படத்தில் முன்னரே உறைந்திருந்தது என்ற மயக்கம் அப்போதே கலைந்துவிடும்.

இரண்டாவதாக, ஃபோரரின் சோதனையைத் தமிழில் செய்து பார்க்கலாம். ஒரே பலனை எல்லார்க்கும் தந்து மதிப்பிடச் செய்து, பின் அதன் வாக்கியங்களைப் பகுத்தாராயலாம். எச்சொல் தப்பும் வழி, எச்சொல் புகழ்ச்சி, எச்சொல் அச்சுறுத்தல் எனப் பிரித்தறியக் கற்ற மாணவர், பரிகாரம் என்று பணம் கேட்கும் குரலையும் ஆசை காட்டும் விளம்பரத்தையும் அதே தெளிவோடு எடைபோடுவார்.

மூன்றாவதே முதன்மையானது. வேலன் கழங்கு உருட்டும் பாடல்களுக்கு மீண்டும் வருவோம். மகள் மெலிவதைக் கண்டு தாய் கலங்குகிறாள், வேலனை அழைக்கிறாள், கழங்கு முருகைக் காட்டுகிறது. மெலிவுக்குக் காரணம் காதல் என்பதைத் தோழி அறிவாள். பாடலைப் படிக்கும் நாமும் அறிவோம். கழங்கை நாடிய அன்னை மகளை வினவவில்லை. மகளாலும் தானே வாய்திறந்து சொல்ல இயலவில்லை.

சீட்டை முதன்முதலாகக் கையிலெடுக்கும் இளைஞரிடமும் அவ்வாறு வாய்விட்டுக் கூற முடியாத ஒரு வினா இருக்கக்கூடும். 'இந்தச் சீட்டில் என்ன வந்தது?' என்பதைவிட, 'நீ எதைக் கேட்க நினைத்தாய்?' என்று நாம் வினவுவோமாயின், அவர் பேசத் தொடங்குவார். அப்பேச்சைப் பொறுமையோடு கேட்கும் செவி வீட்டிலோ பள்ளியிலோ கிடைத்தவருக்குச் சீட்டு மீண்டும் ஓர் ஆட்டமாகிவிடும்.