மார்பகப் புற்றுநோயாளரிடம் மனப்பதற்றத்தைக் கண்டறிதல்

மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்ததும் அஞ்சுவது இயல்பு. அந்த அச்சம் நோயன்று. அது வாரக்கணக்கில் தணியாமல் உறக்கத்தையும் அன்றாட வேலைகளையும் கெடுத்தால், அல்லது சிகிச்சைக்கு வருவதையே தள்ளிப்போட வைத்தால், மனப்பதற்றக் கோளாறா என்று ஆராய வேண்டும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. மனப்பதற்றத்தின் உடல் அறிகுறிகள் பலவும் சிகிச்சையாலேயே வரக்கூடியவை. வேதிச்சிகிச்சையோடு தரப்படும் டெக்சாமெத்தசோன் உறக்கத்தைக் கெடுக்கும். வாந்தியைத் தடுக்கும் மெட்டோகுளோபிரமைடு, ஓரிடத்தில் உட்கார முடியாத தவிப்பைத் தரலாம். தமாக்சிஃபென் உட்கொள்வோருக்கு உடல் திடீரென்று சூடாகி வியர்க்கும். இரத்தச்சோகையிலும் தைராய்டு மிகைப்பிலும் நெஞ்சு படபடக்கும். திடீரென மூச்சு முட்டினால் 'பயம்தான்' என்று ஒதுக்கவே கூடாது. நுரையீரல் இரத்தக்குழாயை இரத்தக்கட்டி அடைத்திருக்கலாம். புற்றுநோயாளருக்கு அந்த ஆபத்து அதிகம்.

இதனால்தான் 1983இல் ஜிக்மண்ட், சினெய்த் ஆகியோர் வெளியிட்ட 'ஹேட்ஸ்' என்னும் அளவுகோல் பயனுள்ளதாக இருக்கிறது. உடல்நோயாலும் வரக்கூடிய அறிகுறிகளைப் பெரும்பாலும் தவிர்த்தே அதன் 14 வினாக்களை அமைத்தார்கள். மனப்பதற்றத்துக்கு 7, மனச்சோர்வுக்கு 7. ஒவ்வொரு பகுதிக்கும் 21 மதிப்பெண். 8 முதல் 10 வரை ஐயத்துக்குரியது, 11 அல்லது அதற்கு மேல் என்றால் கோளாறு இருக்க வாய்ப்பு மிகுதி.

2006இல் வந்த 'ஜி.ஏ.டி.-7' கடந்த இரு வாரங்களைப் பற்றி 7 வினாக்கள் கேட்கிறது. 10 அல்லது அதற்கு மேற்பட்ட மதிப்பெண் வந்தால் மேலாய்வு தேவை. ஏதோ கெட்டது நடக்கப்போகிறது என்ற பயம் உண்டா என்பது அதில் ஒரு வினா. அடுத்த வாரம் ஸ்கேன் முடிவுக்குக் காத்திருப்பவர் அதற்கு வேறென்ன விடை எழுதுவார்? 0 முதல் 10 வரை குறிக்கும் 'மனஉளைச்சல் வெப்பமானி' இன்னும் சுருக்கமானது. 4 அல்லது அதற்கு மேல் குறித்தவரிடம் பேசிப் பார்க்க வேண்டும்.

35 எடுத்தால் தேர்ச்சி என்கிற பள்ளிக் கணக்கு இங்கே செல்லாது. மதிப்பெண் யாரிடம் விரிவாகப் பேசவேண்டும் என்று மட்டுமே சொல்லும். நோயை உறுதிசெய்வது மருத்துவரின் நேர்காணல்தான். பதற்றம் எப்போது தொடங்கியது, முன்பும் இருந்ததா, எதை எண்ணி அஞ்சுகிறார், வாழவேண்டாம் என்று தோன்றியதுண்டா எனக் கேட்டறிவார்கள். நம் ஊரில் உறவினர்கள் சுற்றி நின்று அவர்களே பதில் சொல்லிவிடுவதுண்டு. சிறிது நேரமாவது நோயாளியிடம் தனியே பேசுவது நல்லது. 'பதற்றம்' என்ற சொல்லே அவர் வாயில் வராமல், 'நெஞ்சு அடைக்குது', 'படபடன்னு வருது' என்று மட்டும் சொல்லலாம்.

பொதுமைப்பட்ட மனப்பதற்றக் கோளாறு என்று சொல்ல, கவலை 6 மாதமாவது நீடித்திருக்க வேண்டும். ஆகவே புதிதாக நோய் அறியப்பட்ட பலருக்குச் சூழலுக்கு இணங்க இயலாமைக் கோளாறு என்ற பெயரே பொருந்தும். ஒருமுறை கேட்டதோடு விட்டுவிடவும் முடியாது. சிகிச்சை முடிந்து மருத்துவமனைக்கு அடிக்கடி போவது நின்றதும் பயம் கூடுபவர்கள் இருக்கிறார்கள்.

மருந்து தேவைப்பட்டால் தமாக்சிஃபென் எடுப்பதை மனநல மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். பராக்சிடின், ஃபுளுவாக்சிடின் ஆகியவை, கல்லீரலில் தமாக்சிஃபென் செயல்படும் வடிவத்துக்கு மாறுவதைத் தடுக்கின்றன; மருத்துவர் வேறு மருந்தைத் தேர்ந்தெடுப்பார்.