குடிக்கு முந்தைய கதை

எடை குறைந்துகொண்டிருந்தவர்கள்தான் சிகிச்சையை விட்டு ஓடினார்கள். 1980-களின் நடுவில், அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் கைசர் பெர்மனென்டே மருத்துவ நிறுவனத்தில் உடல்பருமன் சிகிச்சையை நடத்திவந்த டாக்டர் வின்சென்ட் ஃபெலிட்டிக்கு இது விளங்கவில்லை. எடை குறையாதவர்கள் சலித்துப்போய் நின்றால் நியாயம். நன்றாகக் குறைத்தவர்கள் ஏன் போகிறார்கள்? விலகியவர்களைக் கூப்பிட்டுப் பேசத் தொடங்கினார். ஒரு பெண்ணிடம், முதல் உடலுறவின்போது வயது என்ன என்று கேட்க வேண்டியவர், வாய் தவறி எடை என்ன என்று கேட்டுவிட்டார். நாற்பது பவுண்டு என்று பதில் வந்தது. அதாவது பதினெட்டு கிலோ. நான்கு வயதில், பெற்ற தகப்பனால் நடந்தது அது.

தொடர்ந்து கிட்டத்தட்ட முந்நூறு பேரிடம் பேசியபோது இதே மாதிரிக் கதைகள் வந்துகொண்டே இருந்தன. சிலருக்குப் பருமன் ஒரு அரண். உடம்பு ஊதியிருந்தால் ஆண்களின் கண் படாது. எடை குறையக் குறைய அந்தப் பாதுகாப்பும் போனது, பயம் திரும்பியது. மருத்துவர்கள் நோய் என்று எண்ணியதை அவர்கள் மருந்தாக வைத்திருந்தார்கள். குடி, கஞ்சா, ஹெராயின் பற்றிப் பேசும்போதும் இந்த இடத்திலிருந்து தொடங்குவது நல்லது என்பது என் எண்ணம்.

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தைச் சேர்ந்த டாக்டர் ராபர்ட் ஆண்டாவும் ஃபெலிட்டியும் சேர்ந்து 1995 முதல் 1997 வரை 17,000-க்கும் மேற்பட்டோரிடம் குழந்தைப் பருவத்தைப் பற்றிக் கேட்டார்கள். வீட்டில் அடி உண்டா, பாலியல் வன்முறை நடந்ததா, அம்மா அடிபடுவதைப் பார்த்ததுண்டா, குடிப்பவர் இருந்தாரா, யாராவது சிறைக்குப் போனார்களா என்ற ரீதியில் கேள்விகள். பதில் சொன்னவர்கள் சேரிகளில் வசித்தவர்கள் அல்ல. பெரும்பாலோர் வெள்ளையர், படித்தவர், மருத்துவக் காப்பீடு உள்ள நடுத்தர வர்க்கத்தினர். 1998-இல் வந்த முதல் கட்டுரை, இத்தகைய அனுபவங்களில் நான்கு வகையோ அதற்கு மேலோ பட்டவர்களுக்குக் குடிநோய், போதைப்பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் ஆபத்து, எதுவுமே படாதவர்களைவிட நான்கு முதல் பன்னிரண்டு மடங்கு வரை அதிகம் என்றது. காயங்களின் எண்ணிக்கை ஏற ஏற ஆபத்தும் படிப்படியாக ஏறியது.

ஏன் அப்படி? ராத்திரி பத்து மணிக்குத் தெருமுனையில் பைக் சத்தம் கேட்டதுமே, அப்பா இன்று எவ்வளவு குடித்திருக்கிறார் என்று கணக்குப் போடும் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். அபாயம் வந்தால் எதிர்த்து நிற்கவோ ஓடவோ உடம்பு தயாராகும். அட்ரினலினும் கார்ட்டிசாலும் சுரக்கும், இதயம் படபடக்கும். ஆனால் ஆறு வயதுப் பிள்ளை யாரை எதிர்ப்பது, எங்கே ஓடுவது? ஆபத்தும் அடைக்கலமும் ஒரே வீட்டில் இருக்கின்றன. இது தினசரி நடந்தால் உடம்பின் எச்சரிக்கை மணி ஓயாமலே பழகிவிடுகிறது. மூளையில் பயத்தை உணரும் பகுதி கூர்மையாகிறது, நிதானிக்கும் பகுதியின் பிடி தளர்கிறது. பதினைந்து வயதில் யாரோ ஒருவன் ஊற்றிக்கொடுத்த முதல் கிளாஸ் உள்ளே போனதும் அந்த மணி முதல்முறையாக நிற்கிறது. கூட இருந்த நண்பனுக்கு அது வெறும் ஜாலி. இவனுக்கோ அப்பாடா என்று மூச்சு விட்ட நேரம்.

போதை என்பது பலருக்குத் தாங்களே செய்துகொள்ளும் வைத்தியம் என்ற கருத்தை எட்வர்ட் கான்ட்ஸியன் என்ற மனநல மருத்துவர் 1985-இல் விரிவாக எழுதினார். நரம்பியல் ஆய்வாளர் யாக் பாங்ஸெப்பின் விலங்கு ஆய்வுகளும் இதே திசையைக் காட்டின: தாயைப் பிரிந்து கத்தும் குட்டிகளுக்கு மிகச் சிறிய அளவு மார்ஃபின் கொடுத்தாலே அழுகை அடங்குகிறது. அரவணைப்பு கிடைக்கும்போது மூளை தானாகச் சுரக்கும் பொருளுக்கும் அபினுக்கும் அவ்வளவு நெருக்கம்.

காயம் ஒரு தலைமுறையோடு நிற்பதும் இல்லை. சுனாமிக்குப் பின் இலங்கையின் வடகிழக்கில் 296 தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளிடம் நடந்த ஆய்வு 2008-இல் வெளியானது. வீட்டுக்குள் பிள்ளைகள் மீது நடந்த வன்முறை, அவர்கள் பட்ட போர் அனுபவங்களோடும் தகப்பனின் குடியோடும் சேர்ந்தே காணப்பட்டது. சண்டை ஓய்ந்திருந்த நேரத்திலும் வீட்டுக்குள் அது வேறு வடிவில் நடந்துகொண்டிருந்தது.

இங்கே ஒரு எச்சரிக்கை அவசியம். குழந்தைப் பருவக் காயங்களைப் பற்றி இணையத்தில் உள்ள பத்துக் கேள்விகளுக்குப் பதில் போட்டு மதிப்பெண் எடுத்து, நான் குடிகாரன் ஆகத்தான் போகிறேன் என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த மதிப்பெண் ஒரு கூட்டத்தைப் பற்றிச் சொல்வது, தனி மனிதருக்கு ஜாதகம் கணிப்பதற்கு அல்ல. ஆண்டாவே 2020-இல் இந்தத் தவறான பயன்பாட்டைக் கண்டித்து எழுதினார். குடிநோயில் ஏறத்தாழ பாதிப் பங்கு மரபணுக்களுடையது. நிம்மதியான வீட்டில் வளர்ந்தவர்களும் அடிமையாகிறார்கள். அவர்களிடம் இல்லாத காயத்தைத் தோண்டி எடுக்கச் சொல்லும் ஆலோசகரிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். ஹவாயின் கவாய் தீவில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்த எம்மி வெர்னர், மோசமான சூழலில் பிறந்தவர்களிலும் மூன்றில் ஒருவர் நல்லபடியாக வளர்ந்ததைக் கண்டார். அவர்களுக்குக் கிடைத்த துணைகளில் முக்கியமானது, பாட்டியோ ஆசிரியரோ பக்கத்து வீட்டுக்காரரோ, மாறாத அன்பு காட்டிய ஒரு பெரியவர்.

இனி மீட்சிக்கு வருவோம். குடியை நிறுத்திவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று வீட்டார் நம்புகிறார்கள். ஆனால் நிறுத்திய இரண்டாம் மாதம் பழைய காயம் உள்ள மனிதர் முன்பைவிட அதிகமாக எரிந்துவிழுகிறார், தூங்குவதில்லை, யாராவது பின்னாலிருந்து தொட்டால் துள்ளுகிறார். குடித்தபோதே பரவாயில்லை என்று மனைவிக்குத் தோன்றுகிறது, அதை வாய்விட்டுச் சொல்லவும் முடிவதில்லை. குடி மூடிவைத்திருந்தது இப்போது வெளியே வருகிறது. ‘திரும்பவும் போயிட்டான்’ என்று உறவுக்காரர்கள் சொல்லும் பல சறுக்கல்கள் இந்தக் கட்டத்தில் நடப்பவை.

முதலில் குடியை நிறுத்தி மாதக்கணக்கில் இரு, பழைய கதையை அப்புறம் பேசலாம் என்பது நெடுங்காலம் மருத்துவர்களின் வழக்கமாக இருந்தது. கிளறினால் மறுபடி குடிப்பார் என்ற பயம். அந்தப் பயம் அர்த்தமற்றது அல்ல. முதல் நாட்களில் உடம்பே ஆபத்தில் இருக்கும். பல வருடம் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் வரலாம், உயிரே போகலாம், மருத்துவர் மேற்பார்வை கட்டாயம். அது தாண்டியபின் இரண்டையும் சேர்த்தே கவனிக்கலாம் என்பது இன்றைய போக்கு. லிசா நஜாவிட்ஸ் 1990-களில் உருவாக்கிய சிகிச்சை முறை பழைய சம்பவங்களை விவரமாகச் சொல்லச் சொல்வதில்லை. இன்று பாதுகாப்பாக இருப்பது எப்படி, கோபம் ஏறும்போது என்ன செய்வது, யாரை நம்புவது என்று கற்றுத்தருகிறது. ஆஸ்திரேலியாவில் 103 பேரிடம் நடந்து 2012-இல் வெளியான ஆய்வு ஒரு படி மேலே போய், பயந்த நினைவுகளை ஆலோசகரின் துணையோடு நேரடியாக எதிர்கொள்ளவைத்தது. காயத்தின் அறிகுறிகள் குறைந்தன, போதை கூடவில்லை. ஆனால் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிடப் போதை அதிகமாகக் குறையவும் இல்லை. பழைய ரணம் ஆறினால் பாட்டில் தானாகக் கைவிட்டுப் போகும் என்ற நம்பிக்கைக்கு இது பதில். நால்ட்ரெக்ஸோன் போன்ற மாத்திரைகளும், குடியை விட்டவர்கள் கூடும் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டமும், வேலையும், நல்ல சகவாசமும் கூடவே தேவைப்படுகின்றன.

இந்தப் பின்னணியில், அடித்துத் திருத்துகிறோம் என்று நடக்கும் மறுவாழ்வு மையங்களை என்ன சொல்வது? சிறுவயதில் பெல்ட்டால் அடிபட்டவனைக் கட்டிப்போட்டு மறுபடி அடித்தால், அவனுக்குக் குடியைக் கற்றுக்கொடுத்த பாடத்தையே திரும்ப நடத்துகிறார்கள். உரிமம் உள்ளதா, மனநல மருத்துவர் வருகிறாரா, குடும்பத்தினர் பார்க்க அனுமதி உண்டா என்று விசாரிக்காமல் யாரையும் சேர்க்கக் கூடாது.

கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் தொடங்கிய மையம், குடிப்பவரோடு குடும்பத்தையும் சிகிச்சைக்குள் கொண்டுவந்தது. காரணம் எளிது: சேர்க்கப்படும் ஒவ்வொரு தகப்பனுக்குப் பின்னாலும் பைக் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டிருக்கும் பிள்ளை ஒன்று இருக்கலாம். இந்தியாவில் போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446; மனநல உதவிக்கு 14416. அந்தப் பிள்ளைக்காகக் கூப்பிட வேண்டியது 1098.